நிறுத்து என்று சொல்வது யார்?

‘ஒருங்கிணைப்பாளர்’ என்கிற சொல்லின் மேல் எனக்கு நெடுநாளாகவே ஒரு சந்தேகம். இயக்கத்தில் இந்தச் சொல்லைக் கேட்டே வளர்ந்தவள் நான். ஐந்து அமைப்புகள் சேர்ந்து ஒரு மாநாடு நடத்துகின்றன. யாரும் யாருக்கும் கீழே இல்லை. ஆகவே தலைவர் வேண்டாம், ஒருங்கிணைப்பாளர் போதும் என்று முடிவெடுக்கிறோம். அங்கே அந்தச் சொல்லுக்கு ஒரு நியாயம் உண்டு. சமமானவர்களுக்கு நடுவே ஓடுகிறவர் அவர். இதே சொல் கம்பெனிக்குள் நுழையும்போது வேறு வேலை செய்கிறது. மேலே ஒருவர், அவருக்கும் மேலே ஒருவர், கீழே பலர் என்று படிப்படியாக அடுக்கி வைத்த இடத்தில் ஒருத்தியை நடுவில் நிறுத்தி, “நீங்கதான் கோஆர்டினேட்டர்” என்கிறார்கள். பொறுப்பு முழுக்க அவள் தலையில். அதிகாரம் எங்கே என்று தேடினால் கிடைக்காது. அது இருக்கிற இடத்தை மறைப்பதற்குத்தான் அங்கே அந்தச் சொல் பயன்படுகிறது என்பது என் அனுபவம்.

மென்பொருள் சோதனை பற்றி இந்த இதழில் எதற்கு என்று தோழர்கள் கேட்கக்கூடும். ரேஷன் கடையில் கைரேகை விழவில்லை என்று ஒரு கிழவி வெறும் பையோடு திரும்புகிறாள். முதியோர் பென்ஷன் ஏதோ ஒரு எண் பொருந்தவில்லை என்று நிற்கிறது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், உதவித்தொகை எல்லாமே இன்றைக்குத் திரைக்குள்ளேதான். முன்பு கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது மென்பொருள் உட்கார்ந்திருக்கிறது. கணக்குப்பிள்ளையிடம் சண்டை போடலாம். தாலுகா ஆபீஸ் வாசலில் உட்காரலாம். திரையிடம் என்ன செய்வது? அந்த மென்பொருளை யார் சோதித்தார்கள், யாருடைய பிள்ளையை மனசில் வைத்துச் சோதித்தார்கள், தப்பு தெரிந்தபோது ‘நிறுத்து’ என்று சொல்கிற உரிமை யார் கையில் இருந்தது? இவை நம்முடைய கேள்விகள். கம்ப்யூட்டர்காரர்கள் மட்டும் பேசி முடித்துக்கொள்கிற சங்கதி இல்லை.

நான் தமிழ் எம்.ஏ. வேலைக்கு அலைந்த காலத்தில், சென்னையில் ஒரு கம்பெனியில் தமிழ்த் திரைகளைச் சரிபார்க்க ஆள் எடுத்தார்கள். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று உடைந்து நிற்பது, ‘சமர்ப்பிக்கவும்’ என்பது பட்டனுக்குள் அடங்காமல் ‘சமர்ப்’ என்று அறுந்து போவது, பெயர்ப் பட்டியல் அகர வரிசையில் வராமல் தாறுமாறாக வருவது, இவற்றைக் கண்டுபிடித்துக் குறித்துக் கொடுப்பது வேலை. “தமிழ் படிச்சவளுக்குக் கம்ப்யூட்டர்ல இன்னா வேலை?” என்று தெருவில் கேட்டார்கள். எங்கம்மா, “தப்பு கண்டுபிடிக்கிற வேலையாம், அதுக்குச் சம்பளம் குடுக்கறானாம்” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எழுத்துப் பிழையில் தொடங்கிய நான் மெல்ல மெல்ல முழுச் சோதனை வேலையையும் கற்றுக்கொண்டேன்.

அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு மென்பொருளை எழுதுகிறவர் தான் எழுதிய துண்டைத் தானே ஓட்டிப் பார்க்கிறார். அது முதல் படி. பிறகு துண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்து, சேர்கிற இடத்தில் ஒழுகுகிறதா என்று பார்க்கிறோம். அப்புறம் மொத்தத்தையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட்டுகிறோம். கடைசியில், பயன்படுத்தப் போகிறவர்கள் உட்கார்ந்து பார்த்து ஏற்றுக்கொள்கிறார்கள். ஒரு தப்பைத் திருத்தினால் இன்னொரு இடம் உடையலாம் என்பதால் பழையதையும் திரும்பத் திரும்பச் சோதிக்கிறோம். பிழையே இல்லை என்று எந்தச் சோதனையாலும் நிரூபிக்க முடியாது. பிழை இருக்கிறது என்றுதான் காட்ட முடியும். ஆகவே எதைச் சோதிப்பது, எதை விடுவது என்று ஒவ்வொரு நாளும் யாரோ முடிவெடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். அதிகாரம் நுழைகிற வாசல் அதுதான்.

கம்பெனிக்குள்ளும் தொழிலில் மேல் கீழ் இருக்கிறது. எழுதுகிறவன் உசத்தி, சோதிக்கிறவள் மட்டம். “நாங்க கட்டறோம், நீங்க கூட்டறீங்க” என்று கூட வேலை செய்த ஒருவர் ஒரு நாள் விளையாட்டாகச் சொன்னார். மற்றவர்களுக்கு அது ஜோக். என்னால் சிரிக்க முடியவில்லை. ஆக்குகிறவனுக்கு மரியாதை, அழுக்கைப் பார்க்கிறவனுக்கு அவமரியாதை என்கிற கணக்கை நான் கம்பெனிக்கு வந்துதான் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதில்லை.

சில வருஷம் கழித்து என்னை ‘டெஸ்ட் கோஆர்டினேட்டர்’ ஆக்கினார்கள். பதவி உயர்வு என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் ‘டெஸ்ட் மேனேஜர்’ என்றும் ஒரு பதவி இருக்கிறது, இரண்டும் ஒன்றில்லை என்று தெரிந்தது. ஒருங்கிணைப்பவள் செய்வது இது: எந்தக் குழுவின் மென்பொருள் எந்தத் தேதிக்கு வரும், சோதனைக்கான கணினியை எந்த நாள் யார் பயன்படுத்துவது என்று பேசி வைப்பது; பிழைகளைப் பட்டியல் போட்டு, உரியவருக்கு அனுப்பி, நினைவுபடுத்திக்கொண்டே இருப்பது; கூட்டம் கூட்டி, பேசியதை எழுதி எல்லோருக்கும் அனுப்புவது. மேலாண்மை செய்கிறவர் செய்வது வேறு. எங்கே உடைந்தால் யாருக்கு நட்டம் என்று கணித்து, எதை ஆழமாகச் சோதிப்பது, எதை மேலோட்டமாக விடுவது என்று முடிவு செய்கிறார். எத்தனை பேர், எத்தனை நாள், எவ்வளவு பணம் என்று கேட்டு வாங்குகிறார். தகுதியில்லாத மென்பொருள் சோதனைக்கு வந்தால் வாங்க மாட்டேன் என்று திருப்பி அனுப்புகிறார். போதும், போதாது என்று சொல்கிறார். சொன்னதற்குப் பதிலும் சொல்கிறார். சுருக்கமாகச் சொன்னால், ஒருவர் தேதியைச் சுமக்கிறார், இன்னொருவர் முடிவைச் சுமக்கிறார்.

ஒருங்கிணைப்பு மட்டமான வேலை என்று நான் சொல்ல வரவில்லை. நாலு கம்பெனிகள், நாலு இடத்திலும் அதிகாரமுள்ள சோதனை மேலாளர்கள், நாலு பேரும் ஒரே மாதிரித் தரவு, பிழைக்கு ஒரே மாதிரி அளவுகோல், சோதனைக்குள் வருவதற்கு ஒரே நிபந்தனை என்று ஒப்புக்கொண்டிருந்தால், அவர்களுக்கு நடுவில் ஒருங்கிணைப்பாளர் போதும். நம் மாநாடு மாதிரிதான். ஆனால் அங்கேயும் ஒரு கேள்வி பாக்கி நிற்கும். நாலும் சேர்கிற இடம் யாருடையது?

நான் மாட்டிக்கொண்ட வேலை அந்த இடத்தில்தான். ஒரு அரசுத் துறை. கல்லூரி மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கிற மென்பொருள். விண்ணப்பம் வாங்குகிற தளம் ஒரு கம்பெனி. சாதி, வருமானச் சான்றிதழ்களைச் சரிபார்க்கிற இணைப்பு இன்னொரு கம்பெனி. கல்லூரி ஒப்புதல் தருகிற பகுதி மூன்றாவது. வங்கிக்குப் பணம் அனுப்புகிற பகுதி நான்காவது. ‘ஒட்டுமொத்தச் சோதனை ஒருங்கிணைப்பு’ என்று காகிதத்தில் எழுதி எங்கள் கம்பெனிக்குக் கொடுத்திருந்தார்கள். அது என் மேசைக்கு வந்தது. பட்டியலினப் பிள்ளைகளுக்கு மேல்படிப்பு உதவித்தொகை 1944-லேயே தொடங்கிய திட்டம். நானும் அந்தப் பணத்தில் படித்தவள்தான். அதனால் கொஞ்சம் கூடுதல் ஆசையோடு உட்கார்ந்தேன்.

சோதனைக்கென்று அவர்கள் வைத்திருந்த தரவைத் திறந்து பார்த்தேன். அத்தனை மாணவர்களுக்கும் சொந்த போன். அத்தனை பேருக்கும் அப்பா. அத்தனை பேர் பெயரும் முன்பெயர், பின்பெயர் என்று இரண்டு பெட்டிக்குள் அழகாக உட்கார்ந்தது. எங்கள் விடுதியில் அப்படி ஒரு பிள்ளையைக்கூட நான் பார்த்ததில்லை. ஆகவே நானே ஒரு தரவு தயாரித்தேன். ஒரு போன் எண்ணை எட்டுப் பேர் பயன்படுத்துகிறார்கள். ஒரு பெண்ணுக்கு முன்னெழுத்து அம்மா பெயரிலிருந்து. ஒருத்திக்குச் சான்றிதழில் தமிழில் முன்னெழுத்து முன்னால், வங்கிக் கணக்கில் ஆங்கிலத்தில் பின்னால். ஒருவன் பள்ளிக்கூடத்தில் திறந்த வங்கிக் கணக்கில் வருஷக்கணக்காகப் பணமே போடவில்லை. கணக்கு முடங்கிக் கிடக்கிறது. எங்கள் தெருவை அப்படியே எடுத்து மென்பொருளுக்குள் ஊற்றினேன் என்று சொல்லலாம்.

மூன்று இடத்தில் உடைந்தது. ஒரு போன் எண்ணுக்கு ஒரு விண்ணப்பம்தான் என்றது தளம். மற்ற ஏழு பேரும் வெளியே. பெயர் பொருந்தாத விண்ணப்பம் ‘நிலுவை’ என்று எங்கோ போய் உட்கார்ந்தது. அந்தப் பிள்ளைக்கு ஒரு தகவலும் போகவில்லை. மூன்றாவதுதான் கொடுமை. முடங்கிய கணக்குக்கு அனுப்பிய பணம் வங்கியிலிருந்து திரும்பி வந்துவிடுகிறது. தளத்தில் மட்டும் ‘பணம் அனுப்பப்பட்டது’ என்று பச்சையில் நிற்கிறது.

இந்த மூன்றாவதைக் கவனியுங்கள். பணம் அனுப்புகிற கம்பெனிக்குச் சொன்ன வேலை, பட்டியலை வங்கிக்கு அனுப்புவது. அனுப்பிவிட்டது, அதன் சோதனை பாஸ். தளத்துக்குச் சொன்ன வேலை, பட்டியல் போனதும் ‘அனுப்பப்பட்டது’ என்று காட்டுவது. காட்டிவிட்டது, அதுவும் பாஸ். திரும்பி வருகிற பணத்தை யார் பார்ப்பது என்று யாருடைய காகிதத்திலும் இல்லை. நாலு கம்பெனியின் அறிக்கையும் பச்சை. நாலும் சேர்கிற இடம் மட்டும் சிவப்பு. அந்தச் சிவப்புக்கு உடைமையாளர் இல்லை.

பிழைக்கு இரண்டு அளவுகள் உண்டு. எவ்வளவு கடுமை என்பது ஒன்று. எவ்வளவு அவசரமாகத் திருத்த வேண்டும் என்பது இன்னொன்று. கடுமையைச் சோதிக்கிறவள் சொல்லலாம். அவசரத்தை மேலே இருப்பவர்கள் முடிவு செய்வார்கள். மூன்றையும் நான் உச்சக் கடுமை என்று எழுதினேன். கூட்டத்தில் மூன்றும் ‘அவசரமில்லை’ என்று மாறின. திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது.

“மேடம், இதெல்லாம் ரேர் கேஸ். எத்தன பேரு ஒரே போன வெச்சிருப்பாங்க?”

“எங்க ஊருக்கு வாங்க சார், காட்டறேன்.”

“லிஸ்ட் குடுத்துட்டீங்க இல்ல? டிசைட் பண்றத நாங்க பாத்துக்கறோம். நீங்க கோஆர்டினேட் மட்டும் பண்ணுங்க.”

“நாங்கன்னா யாரு சார்? பேரு சொல்லுங்க, மினிட்ஸ்ல எழுதிக்கறேன்.”

யாரும் பேசவில்லை. கூட்டக் குறிப்பில், ‘மூன்று பிழைகளோடும் வெளியிடுவதென்று முடிவெடுத்தவர் யார் எனக் கேட்கப்பட்டது, பதில் அளிக்கப்படவில்லை’ என்று எழுதி எல்லோருக்கும் அனுப்பினேன்.

மென்பொருள் வெளியே போனது. சாயங்காலங்களில் விடுதிப் பெண்களோடு வாசிப்பு வட்டம் நடத்துவது என் வழக்கம். சில மாதம் கழித்து ஒரு நாள் ஒரு பெண் சொன்னாள்: “பணம் வந்துச்சுன்னு காட்டுதுக்கா. வரலன்னு சொன்னா, எடுத்துச் செலவு பண்ணிட்டு வந்து பொய் சொல்றியான்னு காலேஜ் ஆபீஸ்ல கேக்கறாங்க.” பக்கத்தில் இருந்தவளும் அதையே சொன்னாள். அப்புறம் இன்னொருத்தி. ஃபீஸ் கட்டாததற்கு ஹால் டிக்கெட் நிறுத்தி வைத்திருந்தார்கள். தோழர்களே, பணம் தாமதம் என்பது நமக்குப் புதுசில்லை. காலகாலமாகத் தாமதம்தான். ஆனால் ஒரு பச்சை எழுத்தைக் காட்டி நம் பிள்ளையைத் திருடி என்று சொல்வது புதுசு. முன்பு அந்தப் பழியைப் போட ஒரு மனுஷன் தேவைப்பட்டான். இப்போது திரையே போதும்.

புகார்கள் மேலே போனதும் கம்பெனிக்குள் ஒரு கடிதம் வந்தது. ‘சோதனை ஒருங்கிணைப்பில் ஏற்பட்ட குறைபாடு’ என்று தலைப்பு. முடிவெடுக்கும்போது வெறும் ஒருங்கிணைப்பாளராக இருந்தவள், பழி வரும்போது மேலாளர் ஆகிவிட்டேன். கூட்டக் குறிப்பையும் பிழைப் பட்டியலையும் தேதி வாரியாக இணைத்துப் பதில் எழுதினேன். அதற்குப் பிறகு அந்தக் கடிதத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. போன் எண் கட்டுப்பாட்டை முதலில் எடுத்தார்கள். திரும்பி வந்த பணத்தைக் காட்டுகிற வேலை பல மாதம் இழுத்தது.

இந்த வித்தியாசத்தை எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது எந்தப் பயிற்சி வகுப்பும் இல்லை. எங்கள் தாத்தா ஏரிக்கு நீர்க்கட்டி. மதகு திறப்பது, ராத்திரியெல்லாம் விழித்து மடை மாற்றிவிடுவது, கரையில் உடைப்பு விழுகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. அறுப்புக்கு இத்தனை கட்டு என்று நெல் கூலி. ஏரி ரொம்பிய வருஷத்தில் எப்போது திறப்பது, எந்தப் பக்கம் முதலில் என்பதையெல்லாம் ஊர்ப் பெரியவர்கள் முடிவு செய்வார்கள். தாத்தா மண்வெட்டியோடு ஓடுவார். அது ஒருங்கிணைப்பு. மழை பொய்த்த வருஷத்தில் கதை மாறும். ஊர் கூடி, தண்ணி முழுக்க நீர்க்கட்டி பொறுப்பு என்று விட்டுவிடுவார்கள். எவ்வளவு பெரிய நிலக்காரனும் தன் வயலுக்குத் தானே மடை வெட்டக் கூடாது. யாருக்கு எத்தனை நாழி என்று தாத்தா சொன்னால் சொன்னதுதான். அது மேலாண்மை. அதே ஆள், அதே மண்வெட்டி, அதே ஏரி. மாறியது ‘வேண்டாம்’ என்று சொல்கிற உரிமை மட்டும்தான். அந்த வருஷங்களில் கடைமடைக்கும் தண்ணீர் போய்ச் சேர்ந்தது என்று ஆயா சொல்லும். இதில் பெருமைப்பட ரொம்ப இல்லை. தண்ணி பங்கிடுகிற தாத்தா அப்போதும் ஊர்த் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடந்தார். மறு வருஷம் ஏரி ரொம்பியதும் அந்த உரிமையும் திரும்பப் போய்விடும். கஷ்ட காலத்துக்கு மட்டும் நம் கையில் அதிகாரம்.

உலகத்தில் பெரிய பெரிய வேலைகளும் இதே இடத்தில்தான் உடைந்திருக்கின்றன. 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரு ஏவுதளத்திலிருந்து ஐரோப்பிய நாடுகளின் ஏரியன் 5 ராக்கெட் முதல்முறையாகக் கிளம்பியது. சுமார் 40 விநாடியில் சிதறியது. திசையையும் நகர்வையும் கணிக்கிற கருவியின் மென்பொருளை முந்தைய ஏரியன் 4-இலிருந்து எடுத்து வைத்திருந்தார்கள். புது ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் அதிகம். 64 பிட் எண் ஒன்று 16 பிட் இடத்துக்குள் அடங்காமல் போய்க் கருவி நின்றது. மாற்றாக வைத்த கருவியிலும் அதே மென்பொருள் என்பதால் அதுவும் நின்றது. ழாக் லூயி லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு அடுத்த மாதமே அறிக்கை கொடுத்தது. ஏரியன் 5 போகிற பாதையின் எண்களைக் கொடுத்து அந்தக் கருவியைச் சோதிக்கவேயில்லை என்றது. பரிந்துரைகளில் ஒன்று நமக்கு முக்கியம்: பங்காளிகள் நெருங்கி வேலை செய்ய வேண்டும், கூடவே அதிகாரமும் பொறுப்பும் யாருக்கு என்பது தெளிவாக வரையறுக்கப்பட வேண்டும். ராக்கெட் எரிந்த பிறகு எழுதப்பட்ட வாக்கியம் அது.

இன்னொன்று, ஏழைகளைத் தொட்டது. அமெரிக்காவில் மருத்துவக் காப்பீடு இல்லாதவர்கள் பதிவு செய்ய ஹெல்த்கேர்.கவ் என்ற அரசுத் தளம் 2013 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டது. முதல் நாளில் பதிவை முழுசாக முடித்தவர்கள் ஆறு பேர் என்று பிறகு வெளியான ஆவணங்கள் காட்டின. 55 ஒப்பந்தக்காரர்கள். எல்லாவற்றையும் சேர்க்கிற வேலையை அரசு நிறுவனமே தன் கையில் வைத்திருந்தது. அக்டோபர் 24 அன்று நாடாளுமன்றக் குழு விசாரித்தபோது, எங்கள் பகுதி நாங்கள் சோதித்தபோது சரியாகத்தான் இருந்தது என்றார்கள் ஒப்பந்தக்காரர்கள். முனையிலிருந்து முனைவரை சோதனை கடைசி இரண்டு வாரத்தில்தான் நடந்தது, மாதக்கணக்கில் நடந்திருக்க வேண்டும் என்றும் ஒப்புக்கொண்டார்கள். திறப்பது என்ற முடிவு எங்களுடையது இல்லை என்றார்கள். எனக்கு அந்தக் குரல்கள் ரொம்பப் பழக்கமானவை. மேலே தெளிவான தலைமை இல்லாமல் போனதை அந்தத் துறையின் தணிக்கை அலுவலகம் 2016-இல் எழுதிய அறிக்கையும் சுட்டிக்காட்டியது. உடைந்த பிறகு என்ன செய்தார்கள்? 2013 அக்டோபர் கடைசியில் ஒரே ஒரு நிறுவனத்தைப் பொது ஒப்பந்தக்காரராக நியமித்து, திருத்துகிற வேலை மொத்தத்தையும் மேற்பார்க்கிற அதிகாரத்தைக் கொடுத்தார்கள். டிசம்பர் தொடக்கத்தில் பெரும்பாலானவர்களுக்குத் தளம் வேலை செய்தது. எங்கள் ஊர் வறட்சி வருஷம் மாதிரிதான்; கரை உடைந்த பிறகுதான் மதகுச் சாவி கைமாறுகிறது.

பொறுப்பை ஒரு கையில் கொடுத்து, அதிகாரத்தை இன்னொரு கையில் வைத்துக்கொள்வது நமக்கு நன்றாகத் தெரிந்த வித்தை. தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவர் பதவி பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்டு 1996-இல் தேர்தல் நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு இருந்த தோழர்களையும் வெட்டிக் கொன்றார்கள். அந்த ரத்தத்தை ஒரு மென்பொருளோடு நான் ஒப்பிடவில்லை, ஒப்பிடவும் கூடாது. நான் சொல்வது, கொலை நடக்காத ஊர்களில் தினம் தினம் நடப்பதைப் பற்றி. ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது சட்டம். தலைவர் நம்மாள், துணைத் தலைவர் ஊர்க்காரர் என்கிற இடங்களில் அந்த இரண்டாவது கையெழுத்து வராமலே நிற்பதைத் தோழர்கள் பார்த்திருக்கிறீர்கள். குழாயில் தண்ணி வராவிட்டால் மட்டும் கேள்வி தலைவரிடம். நாற்காலி இருக்கிறது, முத்திரை இருக்கிறது, பேனா இன்னொருவர் பையில் இருக்கிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. சோதிக்கிறவளுக்கு நிறுத்துகிற உரிமை எதற்கு, உண்மையைச் சொல்வதோடு அவள் வேலை முடிந்தது, வெளியிடுவதா வேண்டாமா என்பதைத் திட்டத்துக்கு உரியவர்கள்தானே எல்லாப் பக்கமும் யோசித்து முடிவு செய்ய வேண்டும் என்று இந்தத் தொழிலிலேயே அனுபவமுள்ள பலர் சொல்கிறார்கள். நான் அதை மறுக்கவில்லை. விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி நெருங்கும்போது, பிழையோடு திறப்பதா, திறக்காமலே விடுவதா என்பது சோதனைக்காரி மட்டும் தீர்க்கிற விஷயம் இல்லைதான். நான் கேட்பது இரண்டு. ஒன்று, சோதனைக்குள் நடப்பவற்றின் மேல், அதாவது தரவு, ஆள், நாள், எது முக்கியம் என்பவற்றின் மேல், பொறுப்பேற்கிறவருக்கே அதிகாரம் வேண்டும். இன்னொன்று, வெளியிடலாம் என்று முடிவெடுக்கிறவரின் பெயர் எழுத்தில் இருக்க வேண்டும். நிறுத்துகிற உரிமை என் கையில் இல்லையென்றால் பரவாயில்லை. யார் கையிலும் இல்லாதது மாதிரி நடிக்கக் கூடாது.

அடுத்த வேலைக்கு என்னைக் கூப்பிட்டபோது, ஒப்புக்கொள்வதற்கு முன்னால் ஒரே ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னேன். துண்டுகளைச் சோதிப்பது யார், சேர்கிற இடத்தைச் சோதிப்பது யார், தரவு யாருடையது, கடுமையான பிழை பாக்கியிருந்தால் வெளியிடுவதைத் தீர்மானிக்கிறவர் யார். நாலே கேள்வி. மூன்றுக்குப் பெயர் எழுதினார்கள். நாலாவதில் ‘நிர்வாகம்’ என்று எழுதினார்கள். “நிர்வாகம்னா எந்த சீட்டு சார்?” என்று திருப்பி அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து ஒரு பெயர் வந்தது. அந்தப் பெயர் வந்த பிறகு கூட்டங்களில் ஒரு மாற்றம் தெரிந்தது. ‘ரேர் கேஸ்’ என்று யாராவது சொன்னால், அந்தப் பெயருக்கு உரியவர் “எத்தன பேருன்னு கணக்கு இருக்கா?” என்று கேட்க ஆரம்பித்தார். தன் கையெழுத்து என்றதும் மனுஷனுக்குக் கண் திறக்கிறது.

இதைத் தோழர்கள் வெளியிலிருந்தே செய்யலாம். அரசு மென்பொருள்களைச் சோதித்துச் சான்று தருவதற்கு எஸ்.டி.க்யூ.சி. என்று மத்திய அரசின் ஓர் அமைப்பே இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-லிருந்து நம் கையில் இருக்கிறது. ஒரு உதவித்தொகைத் தளமோ பென்ஷன் தளமோ உடையும்போது, ‘சர்வர் பிரச்சினை’ என்று சொன்னால் கேட்டுக்கொண்டு திரும்பாதீர்கள். முனையிலிருந்து முனைவரை சோதனை நடந்ததா, எந்தத் தேதியில், எந்த மாதிரி மாணவர்களின் தரவை வைத்து, தெரிந்தே விடப்பட்ட பிழைகள் எவை, ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டது எந்தப் பதவியில் இருந்த அதிகாரி என்று எழுதிக் கேளுங்கள். கணினி படித்திருக்க வேண்டும் என்பதில்லை. ரேஷன் கடையில் எடைக்கல்லைப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இதுவும் தெரியும்.

கம்பெனிகளுக்குள் வேலைக்குப் போகிற நம் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முதல் தலைமுறையாக உள்ளே போகிறவர்களுக்கு இந்த மாதிரிப் பதவிகள் சுலபமாகக் கிடைக்கும். ஓடியாடி வேலை செய்வார்கள், எதிர்த்துப் பேச மாட்டார்கள் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. பெண் என்றால் இன்னும் சுலபம். வேண்டாம் என்று சொல்லாதீர்கள். சம்பளம் வேண்டும், இடம் வேண்டும். ஆனால் உட்காருவதற்கு முன்னால் கேளுங்கள்: இதில் நான் எதை முடிவு செய்யலாம்? முடிவு செய்ய முடியாததற்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்குமா? இந்த இரண்டு கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டத்தில் பேசியதை அன்றைக்கே எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். எழுத்து நமக்குத் தாமதமாகக் கிடைத்த ஆயுதம். அதை மற்றவர்களின் தேதிகளைக் குறித்து வைப்பதற்கு மட்டும் செலவழிக்கக் கூடாது.